ஊர்ச் சபைக்கு என்ன வருத்தம்? அறிகுறி பார்த்துக் காரணம் தேடும் வழிமுறை

யாழ்ப்பாணத்தில் ஒரு சபை தளர்ந்துபோனால் வழக்கமாக மூன்றில் ஒன்று நடக்கும். போதகரை மாற்றித் தரும்படி பேராயர் அலுவலகம் போன்ற மேலிடத்துக்குக் கடிதம் போகும், அல்லது எழுப்புதல் கூட்டம் வைக்கப்படும், அல்லது வெளிநாட்டுக் காசில் கூரை மாற்றப்படும். மூன்றுமே செலவு கூடிய வைத்தியம். அவற்றில் கைவைக்க முன்னர் இடாப்பையும் காணிக்கைப் பதிவையும் கூட்டறிக்கையையும் ஒழுங்காகப் பார்த்தால், சனம் சொல்லும் குறை ஓரிடத்திலும் கோளாறு வேறோரிடத்திலும் இருப்பது பெரும்பாலும் தெரியவரும்.

கீழுள்ளவை தென்னிந்திய திருச்சபை, மெதடிஸ்த, அங்கிலிக்கன் ஊர்ச் சபைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கத்தோலிக்கப் பங்குகளில் அதிகாரம் பங்குத்தந்தையிடமும் ஆயர் இல்லத்திடமும் இருப்பதால் "மேலிடம்" என்பதை அதற்கேற்ப வாசியுங்கள். மேலிடமே இல்லாத சுயாதீன சபைகள் வெளிக் கணக்காய்வாளர் ஒருவரையும் வேறு சபையின் மூத்த போதகர் ஒருவரையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பிரச்சினை வந்த பிறகு தேடினால், கிடைப்பவர் யாராவது ஒரு பக்கத்து ஆளாகத்தான் இருப்பார்.

## முதலில்: இவை இருந்தால் சோதனை வேண்டாம்

பிள்ளை ஒன்றுக்குத் துன்புறுத்தல் நடந்ததாக ஒரு சொல் காதில் விழுந்தாலும் சபைக்குள் விசாரணை வைக்காதீர்கள். பிள்ளையைக் குழுவுக்கு முன் இருத்திக் கேள்வி கேட்பது பிள்ளைக்கும் கேடு, பின்னர் வரும் வழக்குக்கும் கேடு. குற்றம் சாட்டப்பட்டவர் யாராக இருந்தாலும் அன்றைக்கே பிள்ளைகளோடு பழகும் பொறுப்பிலிருந்து விலக்கிவிட்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கோ பொலிஸ் நிலையத்தின் மகளிர், சிறுவர் பிரிவுக்கோ அறிவியுங்கள். போதகரோ வேறு எவருமோ உயிரை மாய்க்கும் பேச்சுப் பேசினால் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம். இரண்டிலும் "சபையின் பெயர் கெடும்" என்று யாராவது தடுத்தால், அதையும் ஒரு அறிகுறியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

## மேசையில் இருக்க வேண்டியவை

அங்கத்தவர் இடாப்பு, திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகள், கடந்த 36 மாதக் காணிக்கைப் பதிவும் வங்கிக் கூற்றும், கூட்டறிக்கைப் புத்தகம், சபையின் சட்டதிட்டமான யாப்பு. பார்ப்பவர்கள் இருவர். ஒருவருக்கொருவர் சொந்தமாக இருக்கக்கூடாது. ஒருவராவது நிர்வாகக் குழுவுக்கு வெளியே உள்ளவராகவும் 35 வயதுக்குக் குறைந்தவராகவும் இருந்தால் நல்லது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்விலோ, வலிகாமம் வடக்கில் 1990இலோ பதிவேடுகளை இழந்த சபைகள் பழையதை நினைவில் இருந்து எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். வீடு வீடாகப் போய்ப் புதிய இடாப்பைத் தொடங்குங்கள். அந்தச் சந்திப்பே பாதி வைத்தியம்.

## அறிகுறி 1: "கோயிலுக்கு ஆக்கள் வருகினமில்லை"

இடாப்பு பொய் சொல்லுகிறதா? ஆகச் சுலபமான காரணம் இதுதான். பெயர்களை ஐந்தாகப் பிரியுங்கள்: ஊரில் இருந்து வரக்கூடியவர்கள், ஊரில் இருந்தும் படுக்கையில் உள்ளவர்கள், கொழும்பு போன்ற இடங்களில் இருப்பவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், இறந்தும் நீங்காத பெயர்கள். எடுத்துக்காட்டாக, இடாப்பில் 240 பேர். வெளிநாடு 95, கொழும்பு 30, படுக்கை 25, இறந்தோரும் விலகியோரும் 10. மிஞ்சுவது 80. ஞாயிறு ஆராதனைக்கு 52 பேர் வந்தால் அது 22 வீதம் அல்ல, 65 வீதம். அந்தச் சபைக்கு வருகையில் வருத்தம் இல்லை. அது சிறிய சபையாகிவிட்டது என்பதை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

எண்ணுவதற்கு எட்டு ஞாயிறு வேண்டும். ஓகஸ்ட், டிசம்பர் மாதங்களை விட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பவர்கள் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவார்கள். குருத்தோலை ஞாயிறும் உயிர்த்த ஞாயிறும் அறுவடைத் திருவிழாவும் கணக்கில் வேண்டாம். ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு தடவை எண்ணுங்கள், முதற்பாட்டிலும் பிரசங்கத் தொடக்கத்திலும். 80இல் 40 வீதத்துக்குக் கீழ் வந்தால் அடுத்த சோதனைக்குப் போகலாம். இந்தக் கோடு அனுபவக் கணிப்புத்தான். 42 வீதம் வந்துவிட்டது என்று நிம்மதியாகப் படுக்கக் கூடாது.

நேரம். முதற்பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் இடையில் எண்ணிக்கை அரைவாசிக்கு மேல் கூடினால் ஆராதனை நேரம் ஊரின் நேரத்தோடு ஒத்துவரவில்லை. பஸ் நேரத்தைப் பாருங்கள். ரியூசன் நேர அட்டவணையைப் பாருங்கள். புலமைப்பரிசில் வகுப்புப் பிள்ளையோடு தாயும் போய்விடுவார், ஆகவே ஒரு வகுப்பு இரண்டு மூன்று இருக்கைகளை வெறுமையாக்கும். நேரத்தை மாற்றுவதென்றால் ஆறு ஞாயிறுக்குப் பரீட்சார்த்தமாக மாற்றி, எண்ணிப் பார்த்த பிறகு தீர்மானியுங்கள்.

ஒரு குறிச்சி மட்டும் காணாமற் போயிற்றா? ஊர்ப் படம் ஒன்றைக் கீறி வீடுகளைக் குறியுங்கள். வராதவர்கள் ஊர் முழுவதும் சிதறியிருந்தால் காரணம் பலவாக இருக்கும். ஒரு ஒழுங்கையோ ஒரு குடும்ப வட்டமோ மொத்தமாக நின்றிருந்தால் காரணம் ஒன்றே: ஏதோ நடந்திருக்கிறது. எப்போது என்பதை, வீட்டுக்கு ஒரு இலக்கமிட்ட காணிக்கை உறைகள் சொல்லும். அந்த வீடுகளின் உறை இலக்கங்கள் எந்த மாதத்தோடு நின்றன என்று பார்த்து, அதே மாதக் கூட்டறிக்கையையும் அடக்கப் பதிவேட்டையும் திறவுங்கள். சேமக்காலையில் (கல்லறைத் தோட்டத்தில்) இடம் தராத கதை, செத்தவீட்டுக்குப் போதகர் பிந்தி வந்த கதை, தெரிவில் ஒருவரை வெட்டிவிட்ட கதை, இவற்றில் ஒன்று கிடைக்கும். மருந்து பிரசங்கம் அல்ல. சம்பந்தப்பட்டவர் நேரில் போய் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

வேறு சபைக்குப் போய்விட்டார்களா? "ஆடு பிடிக்கிறார்கள்" என்று பெந்தெகொஸ்தே சபைகளைத் திட்ட முன்னர், போனவர்களின் வீட்டில் கடைசியாக வருத்தம் வந்தபோது இங்கிருந்து யார் போனார்கள் என்று கேளுங்கள். பதில் வெறுமையாக இருந்தால் அவர்கள் போன காரணமும் கிடைத்துவிட்டது. திரும்பக் கூப்பிடுவதற்கல்ல, இருப்பவர்களைக் காப்பதற்கு அந்தத் தகவல் வேண்டும்.

*மேலிடத்தை எப்போது அழைப்பது:* ஊரில் வரக்கூடியவர்கள் 25க்குக் குறைந்து, அவர்களில் அறுபது வயதுக்குக் கீழே அலுவல் பார்க்க நான்கு பேர்கூட இல்லையென்றால். அயற்சபையோடு இணைப்பது பற்றிய பேச்சு அங்கிருந்து வர வேண்டும். ஊருக்குள் தொடங்கினால் "ஆரின்ர கோயிலை மூடுறது" என்ற சண்டையில் முடியும்.

## அறிகுறி 2: "ஆக்கள் இருக்கினம், உயிர் இல்லை"

சர்தை சபைக்கு எழுதப்பட்ட கடிதம் (வெளிப்படுத்தின விசேஷம் 3:1) இந்த நிலைக்குத்தான். "ஆவிக்குரிய நிலை எப்படி?" என்று கேட்டால் "கர்த்தர் கிருபையாலே நல்லம்" என்ற பதில்தான் வரும். அளக்கக்கூடியதைக் கேளுங்கள்.

வீட்டில் வேதம் வாசிக்கும் குடும்பங்கள் எத்தனை? போதகர் இல்லாத நாளில் ஜெபக்கூட்டம் நடந்ததா, கலைந்ததா? கடந்த இரண்டு வருடத்தில் யாராவது இருவர் பகை தீர்த்து ஒன்றாகத் திருவிருந்துக்கு வந்தார்களா? கிறிஸ்தவப் பின்னணி இல்லாத ஒருவர் வந்து ஒரு வருடம் நிலைத்தாரா? நாலும் இல்லையென்றால் சனம் வருவது பழக்கத்தால். பழக்கம் கெட்டதல்ல, ஆனால் அது அடுத்த தலைமுறைக்கு இறங்காது.

சிறிய காரணங்களை முதலில் கழித்துவிடுங்கள். பிரசங்கம் நாற்பது நிமிடத்துக்கு ஓடுகிறதா, பாட்டுகள் முதியோருக்கு மட்டுமே தெரிந்தவையா, ஸ்பீக்கர் கடைசி வரிசை வாங்கில் கேட்கிறதா. ஒரு நாள் பின்வாங்கில் போய் இருந்தாலே தெரிந்துவிடும்.

அதன் பிறகு வருவது சாதி. இந்தச் சொல்லைக் கோயிலுக்குள் ஒருவரும் உச்சரிக்கமாட்டார்கள், ஆகவே கேட்டுப் பயனில்லை. எண்ண வேண்டும். கடந்த பத்து வருட நிர்வாகக் குழுப் பெயர்களை எழுதி, எந்தக் குறிச்சிகளிலிருந்து ஒருவரும் வரவில்லை என்று பாருங்கள். வீட்டுக்கூட்டம் ஒருபோதும் நடக்காத வீடுகள் எவை? போதகரும் குழுவினரும் தேத்தண்ணி குடிக்காமல் "இப்பதான் குடிச்சனாங்கள்" என்று எழும்பி வந்த வீடுகள் எவை? திருவிருந்துக்கு எப்போதும் கடைசி வரிசையில் வருபவர்கள் யார், அது அவர்கள் விருப்பமா? கொரிந்துவில் சிலர் முந்திச் சாப்பிட மற்றவர்கள் பசியோடு இருந்ததைப் பவுல் கண்டித்த பகுதியையும் (1 கொரிந்தியர் 11:17-22) பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இருக்கை கொடுத்ததை யாக்கோபு கேட்ட கேள்வியையும் (யாக்கோபு 2:1-4) இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.

திருத்தம் அட்டவணையில் தொடங்கும். வீட்டுக்கூட்டமும் வேதபாட வாசிப்பும் காணிக்கை எடுப்பதும் இடாப்பின் அகரவரிசைப்படி போகட்டும். யாரையும் தெரிவு செய்யும் நிலை இல்லாவிட்டால் யாரையும் விலக்கவும் இயலாது. "அந்த வீட்டில் இடம் போதாது" என்பார்கள். முற்றத்தில் பாய் விரித்து நடத்துங்கள். அடிக்கடி பிழைப்பது எங்கே என்றால், ஒதுக்கப்பட்ட பக்கத்திலிருந்து ஒருவரைக் குழுவில் போட்டுவிட்டு விசயம் முடிந்தது என்று இருப்பதில். அந்த ஒருவர் ஒரு வருடம் பேசாமல் இருந்துவிட்டு விலகிவிடுவார்.

*வெளி உதவி:* சேமக்காலையில் இடம் மறுத்தல், திருவிருந்தில் ஒதுக்குதல் என்று ஒன்று நடந்திருந்தால் உள்ளூர்க் குழுவுக்கு அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி இல்லை. எழுத்தில் பேராயருக்கு அறிவியுங்கள்.

## அறிகுறி 3: "காசு ஒத்துவருகுதில்லை"

இங்கே களவை விட ஒழுங்கின்மைதான் அதிகம். பொருளாளர் பெரும்பாலும் இளைப்பாறிய ஆசிரியராக இருப்பார். வேறு ஒருவரும் பாரமெடுக்காததால் பத்துப் பதினைந்து வருடம் அந்தப் புத்தகத்தைச் சுமந்திருப்பார். ஞாயிறு வாசலில் வைத்து அவரிடம் கேள்வி கேட்பவர் நாளைக்குப் பொருளாளராக வரப்போவதில்லை.

1. தட்டிலிருந்து செலவு. பூ, மின்சாரக் கட்டணம், ஓட்டோக் காசு என்று காணிக்கையிலிருந்தே கொடுத்துவிட்டு மிச்சத்தை வங்கியில் போடுவது. வரவும் தெரியாது, செலவும் தெரியாது. தட்டுக்காசு முழுவதும் திங்கட்கிழமை வங்கிக்கு. சில்லறைச் செலவுக்கு ஒரு நிலையான முற்பணம், பற்றுச்சீட்டு காட்டினால் மட்டும் மீள்நிரப்பல்.
2. எண்ணும் முறை. உறவில்லாத இருவர், ஆராதனை முடிந்த அதே மணித்தியாலத்தில், கதவு திறந்த அறையில். மச்சான் முறையும் உறவுதான். 5000 தொடங்கி 20 வரை தாள்வாரியாகத் துண்டில் எழுதி இருவரும் ஒப்பமிட வேண்டும். துண்டின் பிரதி பொருளாளரிடம் அல்ல, செயலாளரிடம்.
3. மூன்று மாத ஒப்பீடு. துண்டுத் தொகையை ஒரு நிரலிலும் வங்கி வைப்பை மறு நிரலிலும் எழுதுங்கள். வித்தியாசம் ஒவ்வொரு கிழமையும் சிறிதாக வந்தால் முதலாவது காரணம். ஓரிரு கிழமையில் பெரிதாக வந்தால் அந்தக் கிழமையைத் தனியே பாருங்கள்.
4. ஏலக்கடன். அறுவடைத் திருவிழாவில் வாழைக்குலையும் கோழியும் ஆயிரக்கணக்கில் ஏலம் போகும், வருமானமாகவும் எழுதப்படும், காசு வராது. கடன் வைத்திருப்பவர் பெரும்பாலும் கேட்க வெட்கப்பட வேண்டிய பெரியவர். மூன்று மாதத்துக்கு மேற்பட்டதைப் பெயர் சொல்லாமல் மொத்தத் தொகையாகப் பொதுக்கூட்டத்தில் வாசியுங்கள். அடுத்த ஞாயிறுக்குள் பாதி வந்துவிடும்.
5. வெற்றுக் காசோலை. ஒப்பமிடும் ஒருவர் கொழும்பில் இருந்தால் முன்கூட்டியே ஒப்பமிட்ட தாள்கள் காசோலைப் புத்தகத்தில் இருக்கும். புத்தகத்தைக் கையில் வாங்கித் தாள் தாளாகப் பாருங்கள். பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் தொடரிலக்கங்களையும் அப்படியே.

பவுல் எருசலேமுக்கான காணிக்கையைத் தனியே கொண்டுபோகாமல் சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களோடு அனுப்பியது யாரையும் சந்தேகித்தல்ல (2 கொரிந்தியர் 8:19-21). இந்தப் பகுதியைப் பொருளாளரோடு சேர்ந்து முதலில் வாசித்துவிட்டுச் சோதனையைத் தொடங்கினால் பாதிக் கோபம் குறையும்.

*நிறுத்த வேண்டிய இடம்:* இரண்டு கிழமையில் விளங்காத வித்தியாசம், வெட்டி எழுதிய தொகை, கிழிந்த பற்றுச்சீட்டு. புத்தகங்களைப் படமெடுத்து, இரண்டு திறப்புள்ள அலுமாரியில் பூட்டி, வெளிக் கணக்காய்வாளரை அழையுங்கள். "வீட்டை கொண்டுபோய்த் திருத்தி எழுதித் தாறன்" என்பதற்கு மட்டும் இடம் கொடுக்க வேண்டாம்.

## அறிகுறி 4: "வெளிநாட்டுக்காசு வருது, கட்டடம் வளருது, சபை வளரேல்லை"

முதற்சோதனை பராமரிப்புக் கணக்கு. புதிய மண்டபமோ கோபுரமோ எழும்பினால் வருடாந்த மின்சாரம், வர்ணம், காவலாள் செலவு எவ்வளவு? ஊர்க் காணிக்கையால் அதைத் தாங்க இயலாவிட்டால் அந்த நன்கொடை அடுத்த குழுவுக்கு வைக்கும் கடன். மறுத்துவிடலாம்; மறுத்த சபைகள் இடிந்து விழவில்லை.

இரண்டாவது, காசு எந்த வழியால் வருகிறது? தனியாள் கணக்குக்கு வந்தால் நோக்கம் எவ்வளவு நல்லதானாலும் நிறுத்துங்கள். சபையின் வங்கிக் கணக்கு, நன்கொடையாளரின் நோக்கத்தைச் சொல்லும் கடிதம், தனிப் பேரேடு, 90 நாளுக்குள் செலவறிக்கை. மூன்றாவது, தீர்மானம் எங்கே எடுக்கப்படுகிறது? ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள பழைய அங்கத்தவர்களின் வட்ஸ்அப் குழுவில் முடிந்த காரியம் இங்கே வாசிக்கப்படுகிறதென்றால், ஞாயிற்றுக்கிழமை இருக்கையில் இருக்கும் ஆள் பார்வையாளர் ஆகிவிட்டார். அவர் காணிக்கை குறைப்பதும் அதனால்தான்.

## அறிகுறி 5: "கூட்டம் கூடாது, கூடினால் சண்டை"

நிறைவெண் (கூட்டம் நடத்த வேண்டிய ஆகக்குறைந்த ஆட்தொகை) கிடைக்கவில்லையா? அறிகுறி 1க்குத் திரும்புங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் இருந்தால் நிறைவெண் ஒருபோதும் வராது. கூடியும் ஒன்றும் நடக்கவில்லையா? கடந்த ஆறு கூட்டறிக்கைகளில் தீர்மானங்களை எடுத்து "யார், எத்தனையாம் திகதிக்குள்" என்று எழுதப்பட்டவற்றை எண்ணுங்கள். பெரும்பாலும் "ஆராயப்பட்டது" என்றுதான் இருக்கும். எல்லாமே ஏகமனதாக நிறைவேறுகிறதா? அப்படியென்றால் முடிவு படலையடியில் எடுக்கப்பட்டு மேசையில் வாசிக்கப்படுகிறது.

சண்டைக்கு மத்தேயு 18:15-17 வரிசை: தனியே, பிறகு ஓரிருவரோடு, பிறகு சபைக்கு. எங்கள் ஊர்களில் முதல் அழைப்பு கனடாவுக்குப் போகும், இரண்டாவது முகநூலுக்கு, தனியே பேசுவது கடைசி. கோயில் திறப்பு இரண்டு ஆட்களிடம் வேறுவேறாக இருக்கும் நிலை வந்தாலோ, தடையுத்தரவு என்ற சொல் எழுந்தாலோ உள்ளூர் முயற்சியை விட்டு மேலிடத்தின் நடுவரைக் கேளுங்கள்.

## அறிகுறி 6: "போதகர் முன்னையைப் போல் இல்லை"

கடிதம் எழுத முன்னர் அவரோடு இருந்து இரண்டு கிழமை நாட்குறிப்பை நிரப்புங்கள். செத்தவீடுகள், சபைக்குச் சபை ஓடும் நேரம், பாடசாலைப் பரிசளிப்புகள், கூட்டங்கள், பிரசங்க ஆயத்தம். பிரசங்கத்துக்குக் கிழமையில் நாலு மணித்தியாலம்கூடக் கிடைக்காதவர் பழையதைத் திருப்பிச் சொல்வதில் அதிசயம் இல்லை. காரணங்களை மலிவிலிருந்து பாருங்கள்: ஓய்வுநாள் உண்டா, வேதனம் பிந்துகிறதா, அவர் குடியிருக்கும் மிசன் வீட்டுக் கூரை ஒழுகுகிறதா, மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய்க்காசு யார் தருகிறார்கள், எத்தனை சபை அவர் கையில். இவற்றை ஊரே திருத்தலாம். நித்திரை இன்மை, காரணமில்லாக் கோபம், சந்திப்புகளைத் தவிர்த்தல் என்று ஒரு மாதம் தொடர்ந்தால் வைத்தியர் வேண்டும், அத்தோடு பேராயரிடம் விடுப்பும். "ஜெபித்தால் சரியாகும்" என்று அவரிடம் சொல்லாதீர்கள். அதை அவர் ஏற்கனவே செய்துகொண்டிருப்பார்.

## அறிகுறி 7: "வாலிபர் இல்லை"

பாதி வேளை இது நோயே அல்ல. உயர்தரம் முடிந்ததும் பல்கலைக்கழகம், கொழும்பு, வெளிநாடு என்று போய்விடுகிறார்கள். 13 முதல் 19 வயதுள்ளவர்களைப் பட்டியலிட்டு, ஒருவர் வராவிட்டால் அந்த ஞாயிறு ஏதாவது தடைப்படும் என்று சொல்லக்கூடிய பொறுப்பு எத்தனை பேரிடம் உண்டு என்று பாருங்கள். கதிரை தூக்குவது கணக்கில்லை.

## அறிகுறி 8: "காணிக்குள்ளே ஆரோ வந்திட்டினம்"

1816இல் தொடங்கிய அமெரிக்க மிசன் காலக் காணிகளுக்கு உறுதி (உரிமைப் பத்திரம்) மேலிடத்தில் இருக்கலாம், ஊரில் ஒருவரிடமும் பிரதி இருக்காது. 1960-61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற இடங்களில் கோயில் வளவுக்கும் பாடசாலை வளவுக்கும் எல்லை எங்கே என்பது இன்னும் இழுபறி. முதலில் உறுதியின் பிரதியையும் நில அளவைப் படத்தையும் மேலிடத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு காணிப் பதிவகத்தில் பதிவுப் பக்கத்தின் பிரதி எடுங்கள். உங்களுக்குத் தெரியாத கைமாற்றம் இருந்தால் அங்கே தெரியும். மூன்றாவதாக உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லைக்கல்லைத் தேடுங்கள். சேமக்காலைக்கும் இதுவே; அங்கே வேலி இல்லாமல் விடுவதுதான் வழக்கமான பிழை.

பத்து வருடம் ஒருவர் தடையின்றித் தனக்கென ஆண்டுவந்தால் ஆட்சியுரிமை கேட்டு வழக்காட இலங்கைச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே "கோயில் காணிதானே, இருக்கட்டும்" என்று விட்ட இடத்துக்குத் திகதி பாருங்கள். இருப்பவர் இடம்பெயர்ந்து வந்த ஏழைக் குடும்பம் என்றால் துரத்துவது வேலையல்ல. அனுமதியோடு இருக்கிறார் என்று எழுத்து உடன்படிக்கை செய்தால் அவருக்கும் பாதுகாப்பு, சபைக்கும் உரிமை போகாது. ஏழு எட்டு வருடம் கடந்துவிட்டதென்றால் வேலியில் கைவைக்காமல், ஊர்க்கூட்டம் வைக்காமல், உறுதிப் பிரதியோடு அந்தக் கிழமையே மேலிடத்தின் சட்டத்தரணியிடம் போங்கள்.